கையால் கட்டிய பாயிண்ட், டபுள் ஸ்லிப்: ரயில் தடுமாறும் இடத்திலிருந்து பிழையைத் தேடுவது

போத்தனூர் ஜங்ஷனின் நுழைவுத் தடங்களை எச்.ஓ. அளவில் (அசலில் 87-இல் ஒரு பங்கு) மாதிரி ரயிலாக ஒரு மேசை மேல் கொண்டுவர ஆசைப்படுகிறவருக்குக் கடையில் கிடைக்கும் பாயிண்ட்டுகள் (தடம் பிரியும் இடத்து அமைப்பு) போதாது. கோவை, இருகூர், பாலக்காடு, பொள்ளாச்சி என்று நாலு பக்கத்துத் தடமும் வந்து சேரும் ஊர் அது. பெட்டியில் வரும் பாயிண்ட்டுகளை வரிசையாக அடுக்கினால் அறையின் நீளம் அதற்கே சரியாகிவிடும். வளைவுக்குள் பாயிண்ட், மூன்று வழிப் பாயிண்ட், டபுள் ஸ்லிப் (குறுக்கே வெட்டும் இரண்டு தடங்களில் ஒன்றிலிருந்து மற்றதற்கும் மாறவிடும் அமைப்பு) என்று நாமே கட்டினால்தான் அந்த நெருக்கம் வரும். பி.சி.பி. கட்டையில் (மேலே செம்புத் தகடு ஒட்டிய பட்டை) தண்டவாளத்தை ஈயத்தால் பற்றவைத்துக் கட்டுவது பொறுமை இருக்கும் யாருக்கும் வரும். கட்டி முடித்து முதல் வண்டியைத் தள்ளும்போது வரும் தடுமாற்றத்தைப் படிக்கத் தெரியாமல்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் கடைசிவரை மனதில் வையுங்கள். கையால் கட்டிய தடத்தில் நோய் தெரியும் இடம் ஒன்று, வேர் இருக்கும் இடம் வேறு. பெரும்பாலும் வேர் எதிர்த்த ரெயிலில் (தண்டவாளத்தில்) இருக்கும், அல்லது எதிர் முனையில் இருக்கும். வண்டி விழுந்த இடத்திலேயே அரத்தை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினால் நல்ல பாகம் கெடும், பிழை அப்படியே இருக்கும்.

அளவுகள் எல்லாம் 16.5 மி.மீ. கேஜுக்கு, அதாவது இரண்டு ரெயிலுக்கும் நடுவே உள்ள தூரத்துக்கு, சொல்கிறேன். மேட்டுப்பாளையம்–ஊட்டி மலை ரயிலை அதே அளவில் கட்டுகிறவர்களுக்கு மீட்டர் கேஜ் என்பதால் 12 மி.மீ. வரும். எண்கள் மாறும், தேடும் முறை மாறாது.

கையில் இருக்க வேண்டியவை கொஞ்சம்தான். டிஜிட்டல் வெர்னியர், பீப் சத்தம் தரும் மல்டிமீட்டர், சக்கர அளவு சரிபார்த்த இரும்புச் சக்கர வேகன் ஒன்று, ஸ்லோமோஷன் எடுக்கும் போன். அந்தத் தூரத்தைச் சரிபார்க்கும் கேஜ் கருவி வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். கணபதியில் எந்த லேத் பட்டறையிலும் பித்தளைக் கம்பியில் உருளைக் கேஜ் கடைந்து கொடுப்பார்கள். உங்கள் தண்டவாளத்தில் ஒரு துண்டைக் கையோடு கொண்டுபோய், அதன் தலை உட்காரும் அளவுக்கு இரண்டு காடி போடச் சொல்லுங்கள். நான் போனபோது பட்டறை அண்ணன் துண்டை வாங்கி விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இத்தனூண்டு ரெயிலுங்களா? அளவை மட்டும் சரியாச் சொல்லிப்போடுங்க, நூல் பிசகாமக் கடைஞ்சு தந்தர்றனுங்க" என்றார். சொன்னபடியே தந்தார். அந்தக் கேஜ்தான் இன்றும் என் மேசையில் இருக்கிறது.

கிராசிங் மூக்கில் சக்கரம் தவறான பக்கம் போகிறது

வருகிற கேள்விகளில் பாதிக்கு மேல் இதுதான். வண்டி நேராக வருகிறது, இரண்டு தடம் வெட்டிக்கொள்ளும் மூக்கின் நுனியில் சக்கரம் இடிக்கிறது, ஏறுகிறது, அல்லது மறுபக்கக் காடிக்குள் (சக்கர விளிம்பு ஓடும் இடுக்கு) நழுவுகிறது. பார்த்தவுடன் மூக்கு மொட்டையாக இருக்கிறது, கூராக்குவோம் என்றுதான் கை போகும். அரத்தைக் கீழே வையுங்கள்.

போத்தனூர்ப் பக்கம் ரயில்வே கேங்கில் (தடம் பராமரிக்கும் குழு) வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் என் தடத்தைப் பார்க்க வந்தார். மூக்கை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. எதிர் ரெயிலோரம் இருக்கும் செக் ரெயிலைத்தான் குனிந்து பார்த்தார். "மூக்கைக் காப்பாத்தறது எதுத்தாப்ல இருக்கற இதுதானுங்க" என்றார். பெரிய ரயிலில் உள்ள நியாயமே இங்கும். ஒரு அச்சில் இரண்டு சக்கரங்கள். இந்தப் பக்கச் சக்கரத்தின் முதுகை, அதாவது உள்முகத்தை, செக் ரெயில் பிடித்து இழுத்து வைத்திருந்தால்தான், அந்தப் பக்கச் சக்கரத்தின் விளிம்பு மூக்கைத் தொடாமல் கடக்கும்.

முதலில் வண்டியின் சக்கரத்தை அளக்க வேண்டும், தடத்தை அப்புறம் பார்க்கலாம். இரண்டு சக்கரங்களின் முதுகுக்கு நடுவே வெர்னியரை வைத்தால் 14.4 மி.மீ. அளவுக்கு வர வேண்டும். 14 என்று வந்தால் அந்த அச்சு எந்தத் தடத்திலும் தகராறு செய்யும். சக்கரத்தைப் பிடித்து லேசாகத் திருகியபடி வெளியே இழுத்துச் சரிசெய்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். பலருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும்.

சக்கரம் சரியாக இருந்தும் இடித்தால் கணக்குப் போடுங்கள். முதுகுக்கு முதுகு 14.4, விளிம்பின் தடிமன் ஏறக்குறைய 0.75. இரண்டும் சேர்ந்து 15.15. ஒரு சக்கரத்தின் முதுகிலிருந்து எதிர்ச் சக்கரத்தின் விளிம்பு எட்டும் தூரம் இது. உங்கள் கேஜ் 16.5, செக் ரெயில் இடைவெளி 1.2 என்றால் செக் ரெயில் முகத்திலிருந்து மூக்கு 15.3-இல் இருக்கிறது. விளிம்பு 15.15-இலேயே நின்றுவிடும், மூக்குக்குப் பயமில்லை. இடைவெளி 1.6 ஆகிவிட்டால் மூக்கு 14.9-க்கு வந்துவிடுகிறது. விளிம்பு கால் மில்லிமீட்டர் மூக்குக்குள் போய் இடிக்கும். எத்தனை கூராகத் தேய்த்தாலும் அந்தக் கால் மில்லிமீட்டர் போகாது. செக் ரெயிலைச் சூடுகாட்டி உள்ளே நகர்த்துவதுதான் மருந்து.

அதற்காக அளவுக்கு மேல் நெருக்கிவிடவும் கூடாது. செக் ரெயிலின் முகத்துக்கும் எதிரே மூக்கின் பக்கவாட்டில் காடி விட்டு நிற்கும் விங் ரெயிலின் முகத்துக்கும் உள்ள தூரம் சக்கரங்களின் முதுகு அளவைவிடக் குறைவாக இருக்க வேண்டும். மேலே சொன்ன தடத்தில் அது 16.5 கழித்தல் 1.2 கழித்தல் 1.2, அதாவது 14.1. 14.4 அளவுச் சக்கரம் தாராளமாகப் போகும். இரண்டு காடியையும் ஒரு மில்லிமீட்டராக நெருக்கினால் 14.5 ஆகிவிடும். அச்சு இரண்டுக்கும் நடுவே சிக்கி மேலே ஏறும். மூக்கில் இடிப்பதற்கும் இப்படிச் சிக்கி எழும்புவதற்கும் உள்ள வித்தியாசம் ஸ்லோமோஷனில் தெளிவாகத் தெரியும். இடித்தால் ஒரு சக்கரம் மட்டும் துள்ளும். சிக்கினால் அச்சே தூக்கிக்கொண்டு எழும்.

இங்கே பலரும் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. செக் ரெயிலின் இடத்தை அதன் பக்கத்து ரெயிலிலிருந்து அளக்கிறோம். அளக்க வேண்டியது எதிரே உள்ள மூக்கிலிருந்து. வளைவுக்குள் கட்டிய பாயிண்டில் கேஜ் 17 வரை அகன்றுவிட்டது என்று வையுங்கள். பழக்கத்தில் 1.2 தகட்டைச் செருகிச் செக் ரெயிலை ஒட்டினால் மூக்கிலிருந்து 15.8-க்குப் போய்விடும், விங் ரெயிலிலிருந்து 14.6. சக்கரம் சிக்கும். மூக்கிலிருந்து 15.3 என்று அளந்து வைத்தால் பக்கத்து ரெயிலோடு 1.7 இடைவெளி விழும். பார்க்கச் சற்று அகலமாகத் தெரிந்தாலும் வண்டி ஓடும். பித்தளைக் கேஜ் கடையச் சொல்லும்போதே இந்த 15.3 அளவுக்கும் தனியாக ஒன்று கடைந்துகொள்ளுங்கள்.

மூக்கைக் கடக்கும்போது சக்கரம் 'டக்'கென்று இறங்கி ஏறுகிறது

வண்டி புரளாது, ஒவ்வொரு அச்சும் ஒரு குழியில் விழுந்து எழும். விங் ரெயிலுக்கும் மூக்குக்கும் நடுவே காடி அகலமாகிவிட்டது. 1.25-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காடி சரியாக இருந்தும் சில வண்டிகள் மட்டும் விழுந்தால் அவற்றின் சக்கர அகலத்தை அளந்து பாருங்கள். வழக்கமான 2.8 மி.மீ. சக்கரம் தாண்டும் பள்ளத்தில், அசல் போலத் தெரிய வேண்டும் என்று மாட்டிய 2.2 மி.மீ. ஒல்லிச் சக்கரம் இறங்கத்தான் செய்யும். அந்த வண்டிகளும் ஓட வேண்டுமென்றால் காடியை இன்னும் நெருக்கிக் கட்ட வேண்டியிருக்கும். அப்போது எல்லாச் சக்கரங்களின் முதுகு அளவையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். கலப்புச் சக்கரங்களோடு ஓட்டுகிறவர் ஒல்லிச் சக்கரத்தை விட்டுவிடுவதே நல்லது என்பது என் எண்ணம்.

இறங்காமல் மேலே எழும்பினால் காடிக்குள் ஈயம் தேங்கியிருக்கிறது என்று பொருள். ஒடிந்த ஹாக்சா பிளேடு துண்டால் சுரண்டினால் போதும்.

பாயிண்ட் தொடங்கும் இடத்தில் புரள்கிறது, எதிர்த்திசையில் சரியாகப் போகிறது

டங் ரெயிலின் (அசைந்து வழி மாற்றும் கூர் ரெயில்) முனையை நோக்கி வரும்போது மட்டும் புரண்டால் முனை ஸ்டாக் ரெயிலோடு (அசையாத வெளி ரெயில்) ஒட்டவில்லை, அல்லது முனை தடித்திருக்கிறது. நகத்தால் ஸ்டாக் ரெயிலின் உள்முகத்தைத் தடவிக்கொண்டே டங் ரெயிலுக்குப் போங்கள். நகம் தட்டினால் சக்கர விளிம்பும் தட்டும். டங் ரெயிலை இன்னும் மெல்லிசாக அரத்தில் இழுக்கலாம். அதற்கும் ஓர் எல்லை உண்டு, காகிதம் போலாகிவிட்டால் வளைந்துவிடும். ஸ்டாக் ரெயிலின் அடிப்பாகத்தை உள்பக்கம் கொஞ்சம் தேய்த்து முனை ஒளிந்துகொள்ள இடம் செய்வது பலமான வழி. முனையின் தலையை ஸ்டாக் ரெயிலைவிட ஒரு மயிரிழை தாழ்த்திவிட்டால் சக்கரம் அதன் மேல் ஏறாது.

ஒட்டிய பக்கம் சரியாக இருந்தும் புரண்டால், வழக்கம்போல எதிர்ப்பக்கம் பாருங்கள். திறந்திருக்கும் டங் ரெயில் போதுமான அளவு விலகவில்லை என்றால் சக்கரத்தின் முதுகு அதில் உரசி அச்சையே தள்ளிவிடும். டி.சி.சி.யில் (டிஜிட்டல் கட்டுப்பாட்டில்) ஓட்டுகிறவர்களுக்கு அதே உரசலில் ஒரு நொடி ஷார்ட்டும் ஆகும். வண்டி குலுங்கி நின்று மறுபடி கிளம்பினால் இதைச் சந்தேகியுங்கள். பாயிண்ட்டைத் திருப்பும் மோட்டாரின் கம்பியையோ சர்வோவின் கையையோ சற்று நீட்டித் திறப்பைக் கூட்டுங்கள்.

மூக்கிலிருந்து பாயிண்ட்டை நோக்கி வரும்போது மட்டும் புரண்டால் வேறு கதை. பெரும்பாலும் டங் ரெயில் கீல் போட்ட இடத்தில் கேஜ் சுருங்கியிருக்கும். பித்தளை உருளையை அங்கிருந்து முனைவரை தள்ளிக்கொண்டு வாருங்கள், இறுகும் இடம் கையில் தெரியும். வேகன் தாண்டிப் போய்விடும் இறுக்கத்தில், மூன்று அச்சு போகி கொண்ட வேப்-7 போன்ற எஞ்சின் நடு அச்சைத் தூக்கிவிடும். அதனால் கடைசிச் சோதனை எப்போதும் ஆறு அச்சு எஞ்சினில்தான்.

லோகோ மூக்கின் மேல் நிற்கிறது, அல்லது ஷார்ட் ஆகிறது

இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். லோகோ சத்தமில்லாமல் நின்றால் மூக்குக்கு மின்சாரமே வரவில்லை. தடத்துக்கு மின்சாரம் தரும் பூஸ்டர் துண்டித்துக்கொண்டால் மூக்குக்குத் தவறான மின்முனை வருகிறது.

கையால் கட்டிய பாயிண்டில் மூக்கு உலோகம். இரு பக்கமும் வெட்டுப் போட்டுத் தனியாக்கி, பாயிண்ட் மோட்டாரோடு திரும்பும் சுவிட்சிலிருந்து அதற்கு மின்சாரம் தர வேண்டும். டங் ரெயில் தொட்டுக்கொண்டிருப்பதை நம்பி விடுவது சில வாரம் ஓடும். பிறகு நடுவே தூசி சேரும். திருப்பூர்ப் பக்கத்தில் பனியன் கம்பெனிக்கு அருகே வீடு இருந்தால் அந்தச் சில வாரமும் கிடைக்காது. பஞ்சுத் தூசி முனைக்கும் ஸ்டாக் ரெயிலுக்கும் நடுவே படிந்து தொடர்பையே மறைத்துவிடும். எஞ்சின் அச்சிலும் சுற்றிக்கொள்ளும். ஒவ்வொரு தனித்துண்டு ரெயிலுக்கும் தனி வயர் இறக்குங்கள், இதில் சிக்கனம் வேண்டாம்.

வண்டி எதுவும் இல்லாமலே ஷார்ட் என்றால் வயர்களைக் கழற்றுங்கள், எஞ்சினையும் விளக்கு வைத்த பெட்டிகளையும் தடத்திலிருந்து எடுத்துவிடுங்கள், இல்லையேல் மல்டிமீட்டர் தப்பாகச் சொல்லும். இரண்டு ஸ்டாக் ரெயிலுக்கும் நடுவே பீப் கேட்டால் முதலில் டங் ரெயில்களை இணைக்கும் குறுக்குக் கட்டையைப் பாருங்கள். இரண்டு ரெயிலும் செம்பு வழியே தொடாதபடி மற்றக் கட்டைகளில் செம்பை அறுத்துவிட்டு இதை மறந்துபோவது சகஜம். அடுத்தது அறுத்த கோடுகள். விளிம்பில் நிற்கும் செம்பு முடி ஒன்றே போதும். போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து ஒவ்வொரு கோட்டிலும் பிளேடை ஓட்டுங்கள். அதன்பின் ரெயிலுக்கு அடியில் உருண்டு நிற்கும் ஈயத் துளி.

வண்டி ஓடும்போது மட்டும் ஷார்ட் என்றால் காரின் பிரேக் லைட் பல்பு ஒன்றை, 12 வோல்ட் 21 வாட், பூஸ்டரிலிருந்து வரும் வயர் ஒன்றில் தொடராக இணையுங்கள். ஷார்ட் ஆன நொடியில் பல்பு பிரகாசமாக எரியும், மின்னோட்டம் இரண்டு ஆம்பியருக்குள் நிற்கும். பல்பு எரிய எரிய வண்டியை விரலால் மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்தினால் எந்தச் சக்கரம் எதைத் தொடுகிறது என்று கண்ணால் பார்க்கலாம்.

டபுள் ஸ்லிப்பில் ஒரு வழி ஓடுகிறது, இன்னொன்றில் ஷார்ட்

நாலு வழி, எட்டு டங் ரெயில், இரண்டு மூக்கு. இதைக் கட்டி முடித்தவர் எந்தத் தடத்தையும் கட்டுவார். இயந்திர வேலை எல்லாம் சரியாக வந்தும், மின்சாரத்தில் பலர் மாட்டுவது ஒரே இடத்தில்தான். இடது மூக்குக்கு இடது மோட்டாரின் சுவிட்சிலிருந்து வயர் இழுக்கிறார்கள். பக்கத்தில் இருக்கிறது, இயல்பாகத் தோன்றுகிறது. ஆனால் தவறு.

நின்று யோசியுங்கள். இடது பக்கம் மேல் தடம், கீழ்த் தடம் என்று இரண்டு, வலது பக்கமும் அப்படியே இரண்டு. இடது முனையின் டங் ரெயில்கள் தீர்மானிப்பது வண்டி வலப்பக்கம் எந்தத் தடத்துக்குப் போக வேண்டும் என்பதை. வலப்பக்கத்து இரண்டு தடங்களும் வெட்டிக்கொள்ளும் இடம் வலது மூக்கு. மேல் தடம் என்றால் அதற்கு ஒரு மின்முனை, கீழ்த் தடம் என்றால் மறு மின்முனை. ஆகவே வலது மூக்கின் மின்முனையை மாற்ற வேண்டியது இடது மோட்டார், இடது மூக்கை மாற்ற வேண்டியது வலது மோட்டார். வயர்கள் குறுக்கே போக வேண்டும்.

இரண்டையும் நேராக இணைத்தவருக்கு நாலு வழியில் சில தற்செயலாகச் சரியாக ஓடும். அதுதான் ஆளை ஏமாற்றும். ஓடாத வழியில்தான் கோளாறு என்று எண்ணி அந்த டங் ரெயிலைத் தேய்க்கத் தொடங்குவார். இடது மோட்டாரை அசைக்காமல் வலதை மட்டும் மாற்றி, எந்த மூக்கின் மின்முனை மாறுகிறது என்று மீட்டரில் பாருங்கள். வலது மூக்கு மாறினால் இரண்டு வயரையும் இடம் மாற்றிப் பூட்டுங்கள். இடது மூக்கு மாறியும் எல்லா வழியிலும் ஷார்ட் என்றால் சுவிட்சின் இரு முனை வயர்களை மட்டும் தலைகீழாக்கினால் போதும்.

டபுள் ஸ்லிப்பின் நடுவே, மூக்கே இல்லாத இடத்தில் புரள்கிறது

நடுவில் ரெயில்கள் விரிகோணத்தில் சந்திக்கும் இரண்டு இடங்கள் உண்டு. அங்கே இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் ஒரே நேரத்தில் காடி வருகிறது, ஒன்றை ஒன்று காக்க ஆளில்லை. கோணம் சிறுக்கச் சிறுக்கக் காவலில்லாத தூரம் நீளும். இது வடிவத்திலேயே உள்ள பலவீனம். அதனால் மாதிரித் தடத்தில் மிகச் சிறிய கோணத்தில் ஸ்லிப் கட்டாதீர்கள். கட்டியாயிற்று என்றால், நடுவிலுள்ள செக் ரெயில்களை ஓடும் ரெயிலைவிடக் கொஞ்சம் உயர்த்தி வையுங்கள். சக்கர முதுகு கூடுதல் தூரம் பிடியில் இருக்கும். காடியையும் சக்கரம் தாங்கும் கடைசி அளவுவரை நெருக்குங்கள்.

போன மாதம் ஓடியது, இப்போது ஓடவில்லை

மொட்டை மாடியில் சிமெண்ட் ஷீட் போட்ட அறையில் தடம் வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். சித்திரை மத்தியானத்தில் மட்டும் ஷார்ட், சாயங்காலம் தானாகச் சரி. நிக்கல் சில்வர் ரெயில் ஒரு மீட்டருக்கு, 20 டிகிரி ஏறினால் ஏறக்குறைய 0.33 மி.மீ. நீளும். மெல்லிய ரம்பத்தில் அறுத்த இடைவெளியே 0.4 மி.மீ. அளவில்தான் இருக்கும். இரண்டு பக்கமும் நீளமான ரெயில் தள்ளினால் மூடிக்கொள்ளும். மூக்கில் கோளாறு தேட வேண்டாம், அதற்கு அந்தப் பக்கம் நீண்டு கிடக்கும் ரெயிலைப் பாருங்கள். வெட்டில் பிளாஸ்டிக் துண்டு வைத்துப் பசை போட்டு அடைத்து, நீள ரெயிலின் இணைப்பில் நகர இடம் விடுங்கள்.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே சாரலும் காற்றும் வரும்போது எதிர்மாறான தொல்லை. பலகை ஈரம் குடித்து ஊதும், தடம் மேடு தட்டும். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் இன்னும் அதிகம். பலகையின் இரண்டு முகத்துக்கும், முக்கியமாக அறுத்த ஓரங்களுக்கும், பெயிண்ட் அடித்துவிட்டுத்தான் தடம் ஒட்ட வேண்டும். பெயிண்ட் இல்லாத பலகையில் ஒட்டியாகிவிட்டால் அடியிலிருந்தாவது அடியுங்கள்.

ஈயம் பிடிக்கவில்லை, கட்டை விடுகிறது, பச்சை பூக்கிறது

ஈயம் ரெயிலில் உருண்டு ஓடினால் அழுக்கு. செம்பையும் ரெயில் அடியையும் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டு ஃபிளக்ஸ் போடுங்கள். கட்டையிலிருந்து செம்புத் தகடே உரிந்து வந்தால் சூடு நெடுநேரம் பட்டிருக்கிறது. குறைந்த வாட் அயர்ன் வைத்து நிதானமாகச் சூடாக்குவது பாதுகாப்பு என்று நினைப்பார்கள், தலைகீழ் அது. தடித்த முனையுள்ள பலமான அயர்னை வைத்து இரண்டு நொடியில் எடுத்துவிட வேண்டும்.

சில வாரம் கழித்து மூட்டில் பச்சை பூத்தால் அமில ஃபிளக்ஸ் கழுவப்படவில்லை. கட்டிய அன்றே சோப்புத் தண்ணீரும் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷும் கொண்டு கழுவிக் காயவைக்க வேண்டும், ஜல்லி கொட்டியபிறகு கழுவ முடியாது.

உரிந்த கட்டையை மாற்ற முழுப் பாயிண்ட்டையும் கழற்ற வேண்டியதில்லை. பழைய கட்டையை வெட்டி உருவிவிட்டு, நடுவில் செம்பு அறுத்து மேலே லேசாக ஈயம் பூசிய புதுக் கட்டையைப் பக்கவாட்டில் செருகுங்கள். பித்தளைக் கேஜை அந்த இடத்தில் உட்காரவைத்து, இரண்டு பக்கத்து மூட்டுகளையும் ஈரப் பஞ்சால் குளிர்ச்சியாக வைத்துக்கொண்டு, ஒரு ரெயிலைப் பற்றவைத்து, கேஜைச் சரிபார்த்து, பிறகு மற்றதைப் பற்றவையுங்கள்.